நுனி வெட்டிய காது

கொக்கி கழலும் அந்த 'டிக்' சத்தம்
ரோஜாக்குக்கு மிகப் பிடிக்கும்.
எனக்கு அதோடு வாய் உலர்ந்துவிடும்.

காலை ஐந்தே முக்கால்.
தெங்கா பக்கம், வேலி இன்னும் எட்டிப் பிடிக்காத புல்வெளி.
நாயை அவிழ்த்துவிடக் கூடாதென்கிறது பலகை,
நான்கு மொழிகளில்.
தமிழில் ஓர் எழுத்துப்பிழை.
அந்தப் பிழையைச் சாக்காக வைத்து
எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன்.

பெயர்க் காரணம் கேட்பீர்கள்.
வீவக படிவத்தில் 'இனம்' என்றொரு கட்டம்.
என் மகன் அதில் எழுதிய பதில் அது.

துவாசில், ஏதோ தொழிற்சாலைக்குப் பின்னால்
எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே பிறந்தது.
பிடித்தவர்கள் கருத்தடை செய்து
அடையாளத்துக்கு இடக்காதின் நுனியை
நறுக்கி அனுப்பியிருந்தார்கள்.
மிச்சக் காதில் எல்லாம் கேட்கும்,
மின்தூக்கி ஏழாவது மாடியில் நிற்பது உட்பட.
நான் கூப்பிடுவது மட்டும் கேட்காது.

இன்று புல் அசைந்தது.
பிறகு அசையவில்லை.

முதலில் செல்லக் குரலில் கூப்பிட்டேன்.
பிறகு பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்கி.
பிறகு எனக்கே தெரியாத ஒரு குரலில்.
மெதுவோட்டம் வந்த கிழவர் நின்று,
இந்நேரத்துக்கு எங்கே ரோஜாக் விற்கிறார்கள்
என்று கேட்டார்.
நேற்றாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அப்பால் விரைவுச்சாலை.
நான் காது கொடுத்தது குரைப்புக்கு அல்ல,
பிரேக்குக்கு.

கால்வாயில் இரவு பெய்த மழை
தே தாரிக் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
ஏதோ மிதந்தது.
கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.
செருப்பு. பச்சை நிறம், வலது கால்.
அந்தச் செருப்புக்கு
வாய்விட்டு நன்றி சொன்னேன்.

மகன் தேக்கோங்கில் இருக்கிறான், தேசிய சேவை.
சனிக்கிழமை வரும்போது
கதவு திறக்குமுன்பே அதன் பெயரைச் சொல்வான்.
அம்மா என்பது அதற்குப் பிறகுதான்.
அவனுக்கு அனுப்ப வாக்கியம் தேடினேன்.
'ஓடிவிட்டது': பழி நாயின் மேல்.
'தொலைத்துவிட்டேன்': என் மேல்.
'காணோம்' என்றால் யார் மேலும் இல்லை.
எவ்வளவு இரக்கமுள்ள சொல்
என்று நினைத்த கணமே
என் மேல் எனக்கு அருவருப்பு.

காட்டோரம் நான்கு நாய்கள் நின்றன.
அரையிருட்டில் எல்லாம் ஒரே பழுப்பு,
ஒரே விலா, ஒரே வளைந்த வால்.
ஒரு காதுக்கு மட்டும் நுனி இல்லை.

அது அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவையும்.
பளுதூக்கியின் சிவப்பு விளக்கு
எல்லார் மேலும் விட்டுவிட்டு விழுந்தது.
அப்போதுதான் வேறொரு பயம் வந்தது,
இதுவரை பட்டதெல்லாம் ஒத்திகை என்பதுபோல.
அது தொலையவே இல்லை.
வழி தெரிந்துதான் போயிருக்கிறது.

கூப்பிட வாய் வரவில்லை.
கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்து,
பார்த்த பிறகும் நின்றுவிட்டால்?

ஈரப் புல்லில் உட்கார்ந்தேன்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
யாரோ எப்போதோ சொன்ன யோசனை.
கால்சட்டை நனைந்து, உள்ளாடை நனைந்து,
எறும்பு ஒன்று கணுக்காலில் ஏறி
தன் வேலையைப் பார்த்தது.
லாரியில் போன ஊழியர்களில் ஒருவர் கையசைத்தார்,
அவருக்கு நான் என்னவாகத் தெரிந்தேனோ.

சேற்று வாடை முதலில் வந்தது.
பிறகு முழங்கையில் ஈர மூக்கு.
மூக்கில் புதுசாய் ஒரு கீறல்.
எங்கே போனாய் என்று நானும் கேட்கவில்லை,
அதுவும் வருத்தம் தெரிவிக்கவில்லை.
கொக்கியை மாட்ட
மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

இரவு ஒன்பதரை.
கைப்பேசி கையில் கிடைக்கும் நேரம் அவனுக்கு.
ரோஜாக் சன்னலுக்குக் கீழே தூங்குகிறது.
வெட்டிய காது மட்டும் தூங்கவில்லை.

'எப்படி இருக்கு?' என்று கேட்டிருந்தான்.

நிறைய தட்டினேன், நிறைய அழித்தேன்.
'இருக்கு' என்று அனுப்பினேன்.