மூன்றும் இரண்டும்

அந்தியில் லண்டனை விட்டு
விடிவதற்குள் கிளாஸ்கோ சேரும் கன்டெய்னர் வண்டிக்கென்று
இரண்டிரண்டாய்ப் பூட்ட வாங்கினார்கள்.
மொத்தம் இருபது. பச்சை வண்ணம் ஈரம் காயாதது போலிருந்ததாம்.
நான் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்தது அந்தப் பெருமையெல்லாம் முடிந்த பின்.
பாதி வழியில் நின்று, புகை கக்கி,
ஓடும்போதே முன்கண்ணாடி கழன்று விழுந்து,
செய்தவர்களிடமே திரும்பிப் போய்
பக்கத் தண்டவாளத்தில் மாதக்கணக்காய்க் கிடந்து
ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தன.
பாரோவுக்கு அனுப்பினால் கேட்பாரில்லை என்று
மேலே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.
பாரோவுக்கு அப்பால் கடல்தான்.

ஒரு முனையில் மூன்று அச்சு, மறுமுனையில் இரண்டு.
ஏன் இப்படி என்று ஃபிட்டர் க்ளெம் டைசனைக் கேட்டேன்.
"கொதிகலன் அந்தப் பக்கம். கனம் தாங்க வேண்டாமா?"
கையைத் துடைத்த துணியிலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டு
"ஆவியை ஒழிக்க வந்தது, வயிற்றில் ஆவியோடு வந்திருக்கிறது" என்றார்.
பயணிகளுக்குக் குளிரக் கூடாதல்லவா.

ஷெட் ஆபீசில் பழுதுப் பதிவேடு எழுதுபவள் நான்.
தேதி, எண், இடம், தாமதம், காரணம்.
கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றிலும் குறுகல்.
ஒருமுறை எழுதினேன்:
ஆர்ன்சைடு பாலத்தின் நடுவில் மூச்சு நின்றது,
கீழே கடல் ஏறிக்கொண்டிருந்தது,
நாற்பது நிமிஷம்.
தலைமை எழுத்தர் மொத்தத்தையும் அடித்துவிட்டு
'எரிபொருள் பம்பு' என்று திருத்தினார்.

ஒட்டுப் போட்ட பிறகும்
அடைமழை நாளொன்றில் கண்ணாடி மடியில் வந்து விழ,
டிரைவர் ஐசக் ஸ்டெய்ன்டன் அதை ஓவர்கோட்டில் சுற்றிக்
கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் என் மேஜையில் கிடத்தினார்.
"எழுதிக்கொள், ஆக்னஸ். பொருள் எதுவும் தொலையவில்லை."
அவர் மீசையிலிருந்து என் பதிவேட்டில் மழை சொட்டியது.
அந்த வாரம் முழுவதும் மை பரவித்தான் கிடந்தது.

நின்றுபோனதை இழுத்துவர
கார்ன்ஃபோர்த்திலிருந்து கரி எஞ்சின் போகும்.
யாரை ஒழிக்க வந்ததோ அதன் கொக்கியிலேயே
தொங்கிக்கொண்டு வரும் பச்சை.
ஷெட்டில் எவரும் சிரிக்கவில்லை.
இரண்டையும் துடைப்பது ஒரே ஆள்கள்தாம்.

இரவில், விளக்கணைத்த பின்,
உல்வர்ஸ்டனில் என் ஜன்னலுக்குக் கீழே
தகிட தக என்று போனால்
கனத்த பக்கம் முன்னால் என்று தெரியும்.
தக தகிட என்றால்
பின்னால்.
நொண்டி என்பார்கள்.
நொண்டவில்லை.
ஐந்தை ஐந்தாகத்தான் எண்ணிக்கொண்டு போயிற்று.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் கரி எஞ்சின்களை நிறுத்தினார்கள்.
எங்கெங்கிருந்தோ கூட்டம். கேமரா, சாண்ட்விச்,
சரிவுப் புல்லில் மடக்கு நாற்காலி, கண்ணீர்.
தண்டவாளத்தோரக் கரித்துண்டைக்கூடப் பொறுக்கிப் போனார்கள்.
செப்டம்பரில் இவற்றை நிறுத்தினார்கள்.
மழை மட்டும் வந்திருந்தது.

கடைசி எஞ்சினை ஐசக் கொண்டுவந்தார்,
எவரும் இழுக்காமல், எவரும் தள்ளாமல்,
நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக.
க்ளெம் ஏறி ஒவ்வொரு மூடியாய்த் திறந்து பார்த்தார்.
இறங்கி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

சேவையிலிருந்து நீக்கும் படிவத்திலும்
'காரணம்' என்று ஒரு கட்டம். அதுவும் குறுகல்.
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே அது இன்னும் உறுமிக்கொண்டிருந்தது,
அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

'ஓடுகிறது' என்று எழுதினேன்.

அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.
தலைமை எழுத்தர் படித்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டு
இன்னொரு தரம் படித்தார்,
கீழே கையெழுத்துப் போட்டார்,
குடையை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கினார்.