கணப்புக்கு மேல் ஒரு பொந்து

வீட்டை விற்றுப்போனவர்கள்
எல்லாவற்றையும் கழற்றிப்போனார்கள்,
திரைச்சீலைக் கொக்கிகளைக்கூட.
இதை மட்டும் விட்டுவிட்டார்கள்:
கணப்படுப்புக்கு மேலே
செங்கல்லைக் குடைந்து பலகை அடித்த பொந்து,
அதற்குள் முதுகு பெருத்த ஒரு டிவி,
சினைப்பூனை பெட்டிக்குள் படுத்ததுபோல.

மாரிட்ஸ்பர்க் குளிர் ஏழு போயிற்று.
ஏழிலும் அதைத்தான் பார்த்தோம்,
தேர் பார்க்கிறவர்கள் மாதிரி
கழுத்தை அண்ணாந்து.
போன மார்ச்சில், செய்திக்கு நடுவே,
படம் ஒரு வெள்ளைக் கோடாய்ச் சுருங்கி
கோடு புள்ளியாகி
புள்ளியும் போயிற்று.

நாலு பேர் சேர்ந்து இறக்கினோம்.
‘இதைத் திருடன்கூடத் தொடமாட்டான், மா’
என்றான் ம்லுங்கிசி.
அவன் பெயருக்குச் சீர்செய்கிறவன் என்று பொருளாம்.
பொந்துக்குள் தலையை விட்டு
ஒவ்வொன்றாய் வெளியே போட்டான்:
வீடியோ கேசட் உறை, செத்த குளவிகள்,
எங்கேயும் போய்ச்சேராத மூன்று வயர்.
‘புகைபோக்கியில் பாதியை வெட்டித்தான்
இந்த இடத்தை எடுத்திருக்கிறார்கள்.
நல்லவேளை நீங்கள் மூட்டவில்லை.’
அப்படியென்றால்
அவர்களும் மூட்டியிருக்க முடியாது.

பூபாலன் செருப்பு ஆலையில் மாதிரி வெட்டுகிறவர்.
இருபத்தாறு வருடமாய்
ஊரார் பாதங்களை அட்டையில் அறிந்தவர்.
புதுசு அறுபத்தைந்து அங்குலம். பொந்து இருபத்தெட்டு.
‘செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?
பொந்தை அடைத்துவிட்டு மேலே மாட்டலாம்.’
ஆலையிலிருந்து பழுப்பு அட்டை கொண்டுவந்தார்.
தரையில் மண்டியிட்டு
மூலைகளை லேசாய் வளைத்து
கத்தி ஒரே இழுப்பில் போக
ஒரு டிவி வெட்டினார்.
பொந்தை மூடிச் சுவரில் ஒட்டினார்.
தள்ளி நின்று பார்த்து
ஒரு விரற்கடை இறக்கினார்.

ஏப்ரல் போயிற்று. மே.
தள்ளுபடி வரும் என்றார்.
ஈஸ்டர் தள்ளுபடி வந்து போனபோது
இதைவிடப் பெரிய தள்ளுபடி வரும் என்றார்.
எட்டு மணியானால், பழக்கதோஷம்,
மூன்று பேரும் அட்டைக்கு எதிரே உட்கார்ந்தோம்.
கெரிஷா அதன் மூலையில் பேனாவால்
சிக்னல் கோடுகள் வரைந்தாள்.
ஐந்தில் ஒன்றைத்தான் நிரப்பியிருந்தாள்.
பக்கத்து வீட்டு மிஸஸ் படையாச்சி
எத்தனை ராண்ட் என்று கேட்டுவிட்டு
கைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

சத்தம் நின்ற வீட்டில்
மூக்கு கூர்மையாகிவிடுகிறது.
வியாழன், வெள்ளிகளில்
அவர் சட்டையில் பசைவாசம் இல்லை.
நான் கேட்கவில்லை.
துவைக்கும்போது இரண்டாம் முறை முகர்ந்தேன்,
அவ்வளவுதான்.

ஜூனில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
அட்டை மெல்ல உப்பி அடங்கியது.
பின்னால் பொந்து மூச்சு விடுகிறது.
அதைப் பார்த்தபடியே,
வானிலை வாசிக்கிற குரலில் சொன்னார்:
‘வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.
பிப்ரவரியிலிருந்து.’

பிப்ரவரி.
அட்டை வெட்டியது மார்ச் கடைசி.

‘மற்ற இரண்டு நாள்?’
‘காரில். நூலகத்து வாசலில்.’
‘சாப்பாடு?’
‘நீ கட்டிக்கொடுப்பதுதானே.’
கெரிஷா எழுந்துபோய்
நாளை கணக்குப் பரீட்சை என்று
யாரும் கேட்காததைச் சொன்னாள்.

சனிக்கிழமை ம்லுங்கிசியைக் கூப்பிட்டேன்.
மாட்டுவதற்கு ஒன்றுமில்லை,
பொந்தைச் செங்கல் வைத்து அடை,
புகைபோக்கியை முழுசாக்கு,
பணம் மூன்று தவணை.
பழைய சிவப்பில் புதுச் சிவப்பு ஒட்டவில்லை.
ஒட்டுப்போட்ட முழங்கால் மாதிரி
நடுச்சுவரில் ஒரு சதுரம்.
சாலையோரம் வாங்கிய வாட்டில் விறகு
முதல் நாள் புகைந்து
எங்களைத் தோட்டத்துக்கு விரட்டியது.
மறுநாள் பிடித்துக்கொண்டது.

இன்னமும் உட்கார்ந்தவுடன்
கழுத்து தானாய் மேலே போகிறது.
சதுரத்தில் ஒரு நொடி நின்று
பிறகுதான் நெருப்புக்கு இறங்குகிறது.

அட்டையையும் போட்டுவிடலாமே என்றாள் கெரிஷா.
அவர் தரவில்லை.
அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.
‘நல்ல அட்டை’ என்கிறார்,
‘பதினொரு ஜோடி வரும்.’