மூன்று பிழை வந்தால் நிறுத்தவும்

கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி
ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது.
பதினொன்றில் குடியிருப்பவர்கள்
பன்னிரண்டுக்குப் போய் ஒரு மாடி இறங்குவோம்,
இல்லையென்றால் பத்தில் இறங்கி ஒன்று ஏறுவோம்.
அரிசி மூட்டையோடு வந்தால் முன்னது.
கவிஷாவுக்கு எப்போதும் பின்னது.

பள்ளி விலகல் பாரத்தில் காரணம் எழுத
இரண்டு வரிதான் விட்டிருந்தார்கள்.
குடும்பச் சூழல் என்று எழுதினேன்.
நான்காம் ஆண்டு வகுப்பில்
அவள் வாயிலிருந்து வந்த ஒரே சொல்
பெயர் கூப்பிடும்போது ‘ஹாடிர்’.
மார்ச்சுக்குப் பிறகு அதையும்
பக்கத்து நாற்காலிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இப்போது பெட்டி வாங்க வேண்டும்.
பாடம், பயிற்சி, விடைத்தாள் எல்லாம் ஒரே பெட்டி,
ஒரே நிலை.
கணக்கை மூன்றிலும் வாசிப்பை ஆறிலும்
கலந்து தரமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.
பிரித்ததைத் திருப்பி எடுக்கவும்மாட்டார்கள்.
விலை, என்னுடைய இரண்டு வார இரவு வேலை.

போன வாரம் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து
சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தவள்
ஏழாவது பத்தியில் நம்மை ஏமாத்தியிருக்காங்க அம்மா என்றாள்.
உண்மைதான், ஏமாற்றியிருந்தார்கள்.
அவளே சப்பாத்துக் கயிற்றை இன்னும்
பாலர் பள்ளிப் பிள்ளைபோல் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போடுகிறாள்.
பெருக்கல் வாய்ப்பாடு ஏறவே இல்லை என்று
சிக்கு மூன்று முறை கூப்பிட்டுச் சொன்னார்.
அழுகையை விழுங்குவதில் மட்டும்
அவளுக்கு என் வயது.

ஐந்து வாங்கிப் போடு, எட்டிப் பிடிப்பாள் என்றார் ஜெகதீசன்
பாலத்து நெரிசலில் லாரியை நிறுத்திக்கொண்டு.
மூன்று போதும், மூச்சு விடட்டும் என்றாள்
புக்கிட் மெர்தாஜாம் நாத்தனார்.
நடுவில் இருப்பதால் நான்கு என்று முடிவெடுக்க
எனக்கு வெட்கமாக இருந்தது.

பாயான் லெப்பாஸில், நுண்ணோக்கியின் கீழ்
நகத்தளவு சில்லுகளை நான் பிரித்துப் போடுவது மூன்று தட்டுகளில்.
தேறியது. தேறாதது. மறுவேலை.
பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட
எந்தச் சில்லும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு வைத்தேன்.
சானாய் தின்ற கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
‘தொடர்ந்து மூன்று பிழை வந்தால் நிறுத்தவும்,
அதுவே குழந்தையின் நிலை’
என்ற குறிப்பை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது.
பதினாறு வரைக்கும் சரி.
பதினேழு தப்பு. பதினெட்டு தப்பு. பத்தொன்பதும்.
இறங்கும் இடம் வந்து பஸ்ஸில் மணி அடித்தவள்போல்
பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வேலைக்குக் கிளம்பும்போதுதான்
தாளைக் குழாய் விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.
பதினேழில் எண்பத்தொன்று எழுதியிருந்தாள்.
அடியில், அழிப்பான் தேய்த்துத் தாள் மெலிந்த இடத்தில்,
எழுபத்திரண்டு.
பதினெட்டில் முப்பது,
அடியில் சரியான இருபத்துநான்கு.
பத்தொன்பதில் அழித்த தடமே இல்லை.
அது நிஜமாகவே தெரியாததா,
அதற்குள் கை பழகிவிட்டதா,
விடிய விடிய எனக்குப் பிடிபடவில்லை.
அன்றிரவு மறுவேலைத் தட்டு நிரம்பிவிட்டது.
மேற்பார்வையாளர் வந்து என் கண்ணைப் பார்த்தார்.

தொழிற்சாலை பஸ் ஏழு மணிக்கு இறக்கிவிட்டது.
கறுப்புச் சப்பாத்துப் பிள்ளைகள்
மின்தூக்கியிலிருந்து கொட்டினார்கள்.
நான் பத்தை அழுத்தினேன்.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், படியில்,
தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள்.

“எந்தப் பெட்டி வாங்குனீங்க?”
“இன்னும் வாங்கல.
பத்தொன்பதாவது கேள்வியை நாம சேர்ந்து பார்க்கலாமா?”
என் முகத்தைக் கொஞ்ச நேரம்
வாடகை ஒப்பந்தம்போல் படித்தாள்.

“எத்தனை தப்பு வரைக்கும்?”

பையை வைத்துவிட்டு
அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.