இரண்டாம் எண் வலை

முதல் எண் வலை பழையது.
தக்காளிப் பாத்திக்கு நிழல் கட்டும் பட்டை நூல்,
வெயிலில் கறுத்து, மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டது.
இரண்டாம் எண் என்னுடையது.
தலைமுடியைவிட மெல்லிய இழை.
சாந்தியாகோவிலிருந்து ஏழு மணி நேரம்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
பக்கத்து இருக்கைக்காரர் கேக் என்று நினைத்தார்.

காற்று இழையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்,
பனித்துளிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை,
நேரே வந்து முட்டும்;
இழை மெலிய மெலிய முட்டுவது கூடும்.
கூட்டுறவுச் சங்கச் சுவரில்
சுண்ணக்கட்டியால் வரைந்து சொன்னேன்.
நோல்ஃபா அராயா ஒன்றுதான் கேட்டாள்:
"ஆடு எண்பத்து மூன்று. எத்தனை லிட்டர்?"

காலை ஆறு மணிக்குக் கடலிலிருந்து
கமஞ்சாக்கா மேலேறி வந்து
கள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.
என் வலை வெளுத்து நின்றது.
சின்னத் துளிகள் இழையை நடுவில் விட்டுத்
தம்மைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தன.
பெருத்தவை ஒரு பக்கமாகச் சரிந்து
நெரிசல் பேருந்தின் படியில்
ஒற்றைக் கையால் தொங்குகிறவனைப்போல.
இரண்டு இழை நெருங்கிய இடத்தில்
துளி இரண்டையும் இழுத்துச் சேர்த்து
நீண்டு, மெலிந்து,
தானும் ஒரு நூலாகிவிட்டிருந்தது.

அழகுதான்.
கீழே பீப்பாயில் ஒரு சொட்டு இல்லை.

பழைய வலையின் பீப்பாயில்
பதினொரு லிட்டர்.
மொத்தையான நூலில் துளியும் துளியும் சேர்ந்து
கனத்து, தாங்காமல்,
டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது.
என் நோட்டில் பிடிப்பதற்கு ஒரு பத்தி இருந்தது.
விடுவதற்குக் கோடு போட மறந்திருக்கிறேன்.

"கஞ்சப்பயல் வலை" என்றாள் நோல்ஃபா.
அப்புறம் சொன்னதை எழுத முடியாது.
ரப்பர் பூட்ஸ் காலால்
கம்பத்தை எட்டி ஓர் உதை விட்டாள்.

மழை.
ஒரே வலையின் அகலத்துக்கு மட்டும்,
மூன்று நொடி.
என் கண்ணாடி, அவள் குல்லாய், தரை,
தப்பித்தவறிப் பீப்பாய்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
இன்னொரு முறை உதைத்தாள், இப்போது நிதானமாக.

நோட்டில் எழுதினேன்:
நான்கரை லிட்டர். காரணம்: கோபம்.
கோபத்தை அடித்துவிட்டு
அதிர்வு என்று மாற்றினேன்.

இறங்கும்போதுதான் கவனித்தேன்,
என் கம்பளிச் சட்டையின்
ஒவ்வொரு ரோமத்திலும் ஒரு மணி.
உதறக் கையைத் தூக்கினேன்.
அதற்குள் காது கிழிந்த ஆடு ஒன்று வந்து
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
நக்கத் தொடங்கிவிட்டது.