இறங்குவதற்கு ஒரு படி

திபிலிசியில், எங்கள் க்ல்தானிப் பக்கத்து
ஒன்பது மாடிக் கட்டடங்களில்
லிஃப்ட் காசு கேட்கும்.
பத்து டெட்ரி போட்டால்தான் அசையும்.
நான் கேஸ் மீட்டர் கணக்கெடுப்பவள்.
இருபது வருடம்
காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல்
மாடி மாடியாய் ஏறினேன்.
காசை மிச்சம் பிடித்தேன்,
காலைச் செலவழித்தேன்.

விடிந்ததும் முதல் அடி.
கண்ணாடிச் சில்லில் மிதித்ததுபோல் என்பார்கள்.
இல்லை.
காய்ந்த தோல்வாரை
யாரோ நனைக்காமல் முறுக்குவதுபோல்.
குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே
ஒரு பட்டாணி முளைத்திருந்தது.
யாராவது தொட்டால் கோபம் வந்தது.

"வெட்ட வேண்டாம்" என்றார் டாக்டர் சியாலா.
எனக்கு ஏமாற்றம்.
கத்தி என்றால் ஒரு மாதம் படுக்கலாம் என்று
மனக்கணக்குப் போட்டிருந்தேன்.
"ஊசி?"
"அதுவும் வேண்டாம். வீட்டருகே படி இருக்கிறதா?"
சிரித்துவிட்டேன்.
படியைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது?

முன்பாதம் படியின் விளிம்பில்,
குதிகால் வெறுங்காற்றில்.
நல்ல காலால் எழு.
கெட்ட காலால் இறங்கு,
தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல.
முழங்காலை நீட்டிப் பதினைந்து, மூன்று முறை.
மடக்கிப் பதினைந்து, மூன்று முறை.
காலையில். மறுபடி மாலையில்.
பன்னிரண்டு வாரம்.

"வலிக்குமே?"
"வலிக்கும்.
மறுநாளைக்குள் அடங்கினால் தொடர்ந்து செய்.
அடங்காவிட்டால் குறைத்துக்கொள்.
நிறுத்திவிடாதே."

நொந்த இடத்திலேயே சுமையை வைப்பது
என்ன வைத்தியம்?
வீடு திரும்பும்போது
பத்து டெட்ரி போட்டு லிஃப்டில் ஏறினேன்,
கோபத்தில்.

ஐந்தாம் மாடி, என் வாசல், மூன்றாவது படி.
கதவைத் திறந்தார் எதிர்வீட்டு குராம்.
"விடியற்காலையில் யாரது, எண்ணிக்கொண்டு?"
மறுநாள் செருப்போடு வந்து நின்றார்.
அதற்கடுத்த நாள் அவரே எண்ணினார்.
ஏழு, எட்டு, பத்து.
"ஒன்பது?"
"எனக்கு அது ஆகாது."
ஒன்பதாம் மாடியில் அவர் அண்ணன் அவ்தாந்தில்.
ஒரு கார் கொட்டகைக்காகப்
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை.
நான் விடுபட்ட ஒன்பதை
வாய்க்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

நான்காம் வாரம் ஒன்றும் மாறவில்லை.
ஐந்தாம் வாரம் இன்னும் மோசம்; அழுதேன்.
ஏழாம் வாரம் வலி சோம்பேறியானது,
தாமதமாக வந்தது, சீக்கிரம் போனது.
"இப்போது முதுகில் பாரம் ஏற்று" என்றார் டாக்டர்.
பையில் இரண்டு கிலோ பீன்ஸ் போட்டேன்.
குராம் உள்ளே போய்
பிரிக்காத ஒரு சாக்குப்பையை இழுத்து வந்தார்.
வால்நட், நான்கு கிலோ.
ஒவ்வொரு இலையுதிர்காலமும்
யாரோ அவர் வாசலில் வைத்துவிட்டுப் போவதாம்.
"எடைக்காவது உதவட்டும்."
யார் என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பையைப் படிக்கட்டு ஆணியில் மாட்டி வைத்தேன்.

பத்தாம் வாரம் ஒருநாள்
கெட்டில் விசிலடித்தது.
போய் அணைத்தேன், தேநீர் ஊற்றினேன்,
பாதி குடித்த பிறகுதான் உறைத்தது:
படுக்கையிலிருந்து நடந்து வந்திருக்கிறேன்.
முதல் அடி எங்கே போனது?
பட்டாணி அங்கேயேதான் இருந்தது.
இப்போது அழுத்திப் பார்த்தேன்.
கோபம் வரவில்லை.

இன்னும் இரண்டு வாரம் பாக்கி.
பாரம் கூட வேண்டிய நேரத்தில்
பை என் முதுகில் லேசாகிக்கொண்டே போகிறது.
காலையில் படிகளைக் கூட்டும்போது
மூலையில் ஓட்டுத் துண்டுகள்,
நேற்று நான்கு, இன்று ஏழு.
குராம் சுவரைப் பார்த்தபடி எண்ணுகிறார்,
பல்லிடுக்கில் ஏதோ சிக்கியவர்போல்.
நான் எதுவும் சொல்லவில்லை.
குறைந்த எடைக்குப்
பீன்ஸ் போட்டு நிரப்பிக்கொள்கிறேன்.