முழிவியளம்

ஆட்டைத்திவசம் முடிந்து
இரவல் கிடாரங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான்
வானின் கதவைத் திறந்தேன்.
பின்சீற்றில் பூனை நாலு குட்டி போட்டிருந்தது.
பற்றறி செத்திருந்தது.
முன்கண்ணாடியில் நீங்கள் ஒட்டின
"பாடசாலைச் சேவை" வெயிலில் வெளிறி
"சேவை" மட்டும் மிஞ்சியிருந்தது.

விற்கச் சொன்னார்கள்.
உங்கட தம்பி ஒரு விலையோடு வந்தார்,
அடுத்த கிழமை இருபதாயிரம் குறைத்து
இன்னொரு விலையோடு.
இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நாற்பத்தொன்பது வயதில்
எல் போர்ட் மாட்டி
கோண்டாவில் ஒழுங்கைகளில் ஊர்ந்தேன்.
பழக்கின பெடியன் நிரூபன்
எங்கட மகளிலும் இளையவன்.
"கிளட்சை மெல்ல விடுங்கோ அன்ரி,
டக்கெண்டு விடாதேங்கோ."
மெல்ல விடுகிறது எப்படியென்று
எனக்குத் தெரிந்திருந்தால், தம்பி.
வான் குலுங்கி நின்றது.

உங்கட இருக்கை நகரவில்லை.
பதினாலு வருசம் உங்கட கால் நீளத்திலேயே நின்று
அடிச்சட்டம் துருவேறிப் போயிருந்தது.
முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து
பிரேக்கை எட்டி எட்டி மிதித்தேன்.
நீங்கள் படுத்த தலையணைதான்.
அதை எடுத்ததற்கு வேறு காரணமில்லை,
வீட்டில் அதுதான் இறுக்கமானது.

உங்கட கொப்பியைப் பார்த்து வழி பிடித்தேன்.
"மயில் கேற். பெடியன் பிந்துவான்."
"பச்சை மதில். நாய் குரைக்கும், கடிக்காது."
அது கடித்தது.
பக்கத்தில் பென்சிலால் திருத்தி எழுதினேன்.

உங்களுக்குப் பதினேழு பிள்ளைகள்.
எனக்கு ஒன்பது.
பிறகு எட்டு.
இருபாலையில் ஒரு தாய்
மாதக் காசைக் கணக்காய்த் தந்துவிட்டுச் சொன்னா,
"குறை நினைக்காதேங்கோ.
புலமைப்பரிசில் சோதனை வருகுது.
விடியக் காலமை முழிவியளம் எண்டு
அவற்ற ஆக்கள்..."
மிச்சத்தைச் சொல்ல அவவுக்கு வாய் வரவில்லை.
"ஓம், விளங்குது" என்றேன்.
சில்லறை பத்து ரூபாய் கூட இருந்தது,
திருப்பிக் கொடுத்தேன்.

அன்று திரும்பி வர
ரயில் கடவை சாத்திக் கிடந்தது.
கண்ணாடியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தேன்.
பொட்டில்லாத இடம். காதோரம் நரை.
மூக்கில் எப்படியோ கிறீஸ்.
இந்த முகத்தில்தானே
இருபத்தாறு வருசம் நீங்கள் முழித்தீங்கள்?
ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழவில்லை.
கடைசி நாளும்
எல்லாரையும் இறக்கி
வானை மாமரத்துக்குக் கீழே விட்டு
கைப்பிரேக்கை இழுத்த பிறகுதானே சரிந்தீங்கள்.
இஞ்சாருங்கோ,
இதை ஆரிடம் போய்ச் சொல்ல?

ரயில் போனது.
பின்னால் நின்ற ஓட்டோக்காரன்
ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.
கியரைப் போட்டேன்.

மாரி தொடங்க முதல்
கல்வியங்காட்டுக் கராச்சில்
டீசல் ஊற்றி, சுத்தியலால் தட்டி
இருக்கையை அசைத்தார்கள்.
அது ஒரு சத்தம் போட்டது.
நான் றோட்டுக்கு வந்து நின்றேன்.

ஐந்து விரற்கடை முன்னுக்கு வந்தது.
அடியில் கிடந்தவை
ஒரு சாப்பாட்டுப் பெட்டி மூடி,
இரண்டு அழிறப்பர், ஐந்து ரூபாய்க் குற்றி,
கடதாசியில் பத்திரமாய்ச் சுற்றி
யாரோ ஒரு பிள்ளையின் பால்பல்.
உங்களுடையது ஒன்றும் இல்லை.
கை விட்டுத் துழாவியும் பார்த்தேன்.

தலையணை இப்போது பின்சீற்றில்.
நேற்று மழை.
முதலாம் ஆண்டு துவாரகி
அதில் கன்னத்தை வைத்து
வாணீர் வடிய நித்திரையாகிப் போனாள்.
பள்ளிக்கூட வாசலில்
குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
முதுகில் தட்டினேன்.
கண்ணைத் திறந்தாள்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
தான் எங்கே இருக்கிறாள் என்று
அதில் எழுதியிருக்கிற மாதிரி.
பிறகு சிரித்தாள்.
முன்பல் ஒன்று ஆடுகிறது.

"இறங்கு பிள்ளை.
தண்ணிப் போத்தலை விட்டிட்டுப் போகாதை."