ஆறரைப் பாதை

அம்பிளாந்துறையில் முதல் நாள்
நான்தான் தூக்கப் போனேன்.
"கதிரையில் கை வைக்காதீங்க" என்றாள் விமலோஜினி,
"பலகை ஒன்று போடுங்க, போதும்."

போட்டேன். வாவியில் பாதை ஆட
சக்கரம் சறுக்கியது.
பின்னுக்குப் போய், மறுகா வந்தாள்.
மறுகாவும்.
அக்கரையில் கணக்கியல் வகுப்பு
அன்றைக்குப் பாதி முடிந்திருக்கும்.

அடுத்த நாள் மடியில் ஒரு பலகை,
பழைய சைக்கிள் டயர் வைத்து ஆணியடித்தது.

மூன்று மாரி போயிற்று.
இப்போது பிரதேச சபையில் சம்பளம் போடுகிறவள்.
பட்டியலில் என் பேரில் ஓர் எழுத்துப் பிழையாம்,
நேற்றுத் திருத்திவிட்டு வந்து சொன்னாள்.

அந்தப் பலகை இங்கேதான் கிடக்கிறது.
மீன்காரர் மோட்டார் சைக்கிளும்
அதிலேதான் ஏறுகிறது.